கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர் யார்?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு, வாலாஜாபாத்

'ஆறிலும் சாவு, நூறிலும் சாவு' என்பது நம் பெரியோர் வாக்கு. சாவு எல்லார்க்கும் பொது. ஆனால் இறந்து மூவாயிரம் ஆண்டுகள் சென்றபின், மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாப் பயணிகளும் வரிசையாக நின்று பார்க்கும் நிலை மிகச் சிலருக்கே நேருகிறது. அப்படிப் பார்க்கப்படுவதற்கு அவர்கள் இசைந்தார்களா? இசைவைக் கேட்க வழியில்லாதபோது நாம் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு பொருளா, ஒரு மனிதரா? இக்கேள்விகளை உலகெங்கும் அருங்காட்சியகங்கள் இன்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருக்கின்றன. நம் தமிழ்நாட்டுக்கும் இக்கேள்வி மிக நெருக்கமானது. ஆகவே இதனைப் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் எழுதத் துணிந்தேன்.

நம் முன்னோர் இறந்தோரை அடக்கம் செய்த முறை

காஞ்சி மாநகரில் நிறைவுபெறும் கதை மணிமேகலை. அக்காப்பியத்தில் அக்கால மக்கள் இறந்தோரை அடக்கம் செய்த ஐந்து முறைகள் சொல்லப்படுகின்றன. சுடுவது, வெளியில் இட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது என்பன அவை. கடைசியாகச் சொன்ன தாழியைத்தான் இன்று 'முதுமக்கள் தாழி' என்கிறோம். ஓர் ஆளைக் குந்த வைக்கும் அளவுக்குப் பெரிய மண் தாழி அது. சில இடங்களில் உடலையே அதில் வைத்தார்கள். வேறு சில இடங்களில், உடல் மண்ணாகிப்போன பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தார்கள். பக்கத்தில் சிறு பானைகள், இரும்புக் கருவிகள், மணிகள், தானியம் ஆகியவற்றையும் வைத்து மூடினார்கள்.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண் வருகிறாள். அவள் கணவனை இழந்தவள். தாழி வனையும் குயவரிடம், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அதனை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். தோழியரே, இப்பாட்டை அறிந்தபின் எந்தத் தாழியையும் வெறும் பானையாகப் பார்க்க முடியுமா? ஒவ்வொரு தாழிக்கும் பின்னால் அழுதவர்கள் இருந்தார்கள் என்பதை அந்தப் பெண் நமக்கு உணர்த்துகிறாள் அல்லவா?

நம் மாவட்டமும் இதில் உண்டு

ஈமத் தாழி என்றவுடன் தென்பாண்டி நாடுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பாலாற்றங்கரையில் வாழும் நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் வாலாஜாபாத் முன்பு சேர்ந்திருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டம், பெருங்கற்காலச் சவக்குழிகள் மிகுந்த பகுதியாகும். வட்டமாகக் கற்கள் நட்டு, நடுவில் இறந்தோரைப் புதைத்த 'கல்வட்டங்கள்' இங்கே பல ஊர்களில் உள்ளன. இவற்றைப் பாண்டவர் குழி, பாண்டுக்குழி என்றெல்லாம் ஊர் மக்கள் சொல்வதுண்டு. பஞ்ச பாண்டவர் வனவாசம் செய்தபோது தங்கிய இடம் என்று கதையும் சொல்வார்கள்.

பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேயத் தொல்லியல் அறிஞர், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். மதுராந்தகத்துக்கு அருகே சாணூரில் 1950, 1952ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திற்று. ரீ அவர்கள் 1915இல் வெளியிட்ட பொருட்பட்டியல் நூலின் தலைப்பிலேயே இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று ஆதிச்சநல்லூர், மற்றொன்று நம் செங்கற்பட்டுப் பெரும்பேர். ஆகவே கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர் நம் ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

ஆதிச்சநல்லூரின் கதை

தாமிரபரணியின் தென்கரையில், தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது ஆதிச்சநல்லூர். சுமார் 114 ஏக்கர் பரப்புள்ள அந்த மேடு முழுவதும் பழங்கால இடுகாடாகும். 1876ஆம் ஆண்டில் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ பல தடவை அகழாய்வு செய்தார். வெண்கலப் பொருள்கள், இரும்பு ஆயுதங்கள், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள் எனப் பலவும் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. நெல் உமியும் துணியின் சுவடுகளும்கூடக் கிடைத்தன.

இந்தத் துணிச் செய்தியை நான் படித்துக் காட்டியபோது, எங்கள் பாட்டி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "கோடித் துணி போர்த்தித்தான் அனுப்பியிருக்காங்க" என்றார். சிறிது நேரம் கழித்து, "அவங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மா, போய்க் கேட்கிறதுக்கு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் அறிஞர்கள் ஆராயும் கேள்வியைப் பாட்டி ஒரே வரியில் கேட்டுவிட்டார் என்று பிறகுதான் விளங்கிற்று.

ரீ காலத்தில் கிடைத்த மண்டை ஓடுகளை ஜூக்கர்மேன் என்ற உடற்கூறு அறிஞர் ஆராய்ந்து எழுதியது, 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. அக்காலத்தில் மண்டை ஓட்டின் நீள அகலங்களை அளந்து, மனிதரை இன்ன இனம், இன்ன குலம் என்று பிரிக்கும் வழக்கம் அறிஞரிடையே பரவியிருந்தது. மண்டை ஓட்டை அளந்து மனிதரின் உயர்வு தாழ்வைச் சொல்ல முடியாது என்பது இன்றைய அறிவியலின் முடிவு.

2004, 2005ஆம் ஆண்டுகளில் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்ததில் கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக் கணக்குகள் கிடைத்ததாக 2019இல் தெரியவந்தது. 2021இல் மறுபடியும் பணி தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு புதுமை செய்யப்பட்டது. தாழிகளைப் பெயர்த்து எடுத்துச் செல்லாமல், அவை கிடந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்து, மக்கள் மேலிருந்து பார்க்கும்படி வைத்தார்கள். இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்வேன்.

காட்டுவதால் வரும் நன்மை

எலும்புகளை ஆராய்வதும் காட்டுவதும் தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஓர் எலும்புக்கூடு பேசாவிட்டாலும் பல செய்திகளைச் சொல்கிறது. பல்லின் தேய்மானத்திலிருந்து வயதையும் உணவையும் அறியலாம். இடுப்பெலும்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்று சொல்லலாம். எலும்பு முறிந்து கூடியிருந்தால், அடிபட்டவரை யாரோ உடனிருந்து பராமரித்திருக்கிறார்கள் என்று அறியலாம். மன்னர்களுக்குக் கல்வெட்டு உண்டு. புலவர்களுக்குப் பாட்டு உண்டு. ஏர் உழுதவர்க்கும் குடம் வனைந்தவர்க்கும் அவர்களுடைய எலும்பே கல்வெட்டாக இருக்கிறது.

கீழடிக்கு அருகில் உள்ள கொந்தகை, அவ்வூர் மக்களின் இடுகாடாக இருந்த இடம். அங்கே கிடைத்த எலும்புகளின் மரபணுவை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். கொந்தகையில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டை ஓடுகளைக் கொண்டு, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் அவர்களுடைய முகங்களைக் கணினியில் உருவாக்கினார்கள். 2025இல் அப்படங்கள் வெளிவந்தன. ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரின் முகம், நம் தெருவில் நடந்து செல்லும் ஒரு மாமாவின் முகம் போலவே இருக்கக் கண்டு பலரும் வியந்தார்கள். 'எலும்புக்கூடு' என்ற சொல் போய், 'மனிதர்' என்ற எண்ணம் வருவதற்கு அறிவியலே இங்கே உதவி செய்திருக்கிறது.

காட்டுவதால் வரும் தீமை

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அயர்லாந்தில் பிறந்த சார்லஸ் பைர்ன் என்பவர் ஏழரை அடிக்கு மேல் உயரம் உள்ளவர். தாம் இறந்தபின் மருத்துவர்கள் தம் உடலை அறுத்துக் காட்சிக்கு வைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, தம்மைக் கடலில் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தார். 1783இல் அவர் இறந்தார். அவர் அஞ்சியபடியே, ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் அவர் உடலைப் பெற்றுவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய எலும்புக்கூடு இலண்டனில் காட்சியில் நின்றது. 2023இல் ஹன்டேரியன் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அதனைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிறார்கள். கடல் இன்னும் அவருக்குக் கிட்டவில்லை. வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொன்னவருக்கே இந்தக் கதி என்றால், வாய் திறக்க வாய்ப்பே இல்லாதவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இலங்கையின் ஆதிக்குடிகள் வேடர்கள். அவர்களுடைய ஒன்பது மண்டை ஓடுகள் நூறாண்டுக்கு மேல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்தன. 2019இல் அவை வேடர் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. நம் நாட்டின் நாகாலாந்து மக்களுடைய முன்னோரின் எச்சங்களும் ஆங்கிலேயர் காலத்தில் ஆக்ஸ்போர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 2020இல் அந்த அருங்காட்சியகம் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து அகற்றிற்று. அவற்றைத் தாயகத்துக்குக் கொண்டுவருவது பற்றி நாகர்கள் பேசி வருகிறார்கள். 2024 அக்டோபரில், இங்கிலாந்தில் ஓர் ஏல நிறுவனம் ஒரு நாகரின் மண்டை ஓட்டை ஏலப் பட்டியலில் சேர்த்தது. நாகாலாந்திலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்ததும் அதனை விலக்கிக்கொண்டது. ஒருவருடைய பாட்டனின் தலைக்கு இன்னொருவர் விலை வைப்பதா என்று மனம் பதறுகிறது.

இவை அனைத்திலும் ஒன்றைக் கவனிக்கலாம். காட்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் எளியவர்கள், அடிமைப்பட்ட நாட்டினர், கேட்க ஆள் இல்லாதவர்கள். வென்றவர்கள் தம் சொந்தப் பாட்டன்மாரின் கல்லறைகளைத் தோண்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அரிதாகவே நடந்தது.

அரசர்களுக்கும் இந்நிலை உண்டு

எகிப்து நாட்டில் இறந்தோரின் உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றி வைத்தார்கள். அந்த 'மம்மி'களில் சில நம் நாட்டிலும் உள்ளன. கொல்கத்தா, ஐதராபாத், ஜெய்ப்பூர் அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம். 2020 ஆகஸ்டில் ஜெய்ப்பூரில் பெருமழை பெய்து ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, ஊழியர்கள் கண்ணாடியை உடைத்து அங்கிருந்த மம்மியை மேட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து, பெயர் சொல்லி அழைக்கச் சொந்தம் இல்லாத ஒருவரிடம் அவர்கள் காட்டிய அக்கறை பாராட்டத்தக்கது.

எகிப்து நாட்டிலேயே இதைப் பற்றி இரு கருத்துகள் இருந்தன. 1980இல் அதிபர் அன்வர் சதாத், மன்னர்களின் உடல்களை வேடிக்கைப் பொருளாக்குவது தகாது என்று கருதிக் கெய்ரோவில் இருந்த அந்தக் கூடத்தை மூடச் செய்தார். 1994இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 3ஆம் தேதி, 18 அரசர்கள், 4 அரசிகள் ஆகிய 22 பேரின் உடல்களும் அணிவகுப்பு மரியாதையோடு ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஒரே நாடு ஒரு காலத்தில் மூடிற்று. மற்றொரு காலத்தில் திறந்து, மரியாதையோடு காட்டிற்று. இக்கேள்விக்கு எளிதான விடை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

வணங்குவதும் வேடிக்கை பார்ப்பதும்

'நம் திருச்சபையிலும் புனிதர்களின் உடலை மக்கள் பார்க்கிறார்களே' என்று தோழியர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1552இல் இறந்த புனித சவேரியாரின் உடல் பழைய கோவாவில் உள்ளது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் தரிசிக்க வைக்கப்படுகிறது. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை அது நடந்தது. அங்கே செல்வோர் அவர் பெயரை அறிவார்கள், அவர் வாழ்க்கையை அறிவார்கள், முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள். பார்க்கும் கண் ஒன்றுதான். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனமே வேறு. அந்த மனம் இல்லாவிட்டால் ஆலயத்திலும் வேடிக்கைதான். அது இருந்தால் அருங்காட்சியகத்திலும் மரியாதைதான்.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். திருவிவிலியத்தில் வரும் தோபித்து, கேட்பாரற்றுக் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை அரசனின் சினத்துக்கும் அஞ்சாமல் எடுத்து அடக்கம் செய்தார். வத்திக்கானும் தன் அருங்காட்சியகத்தில் இருந்த மனித எச்சங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் ஈக்வடார் நாட்டுப் பழங்குடியினரின் ஒரு தலையை அந்நாட்டுக்கு அளித்தார். 1925இல் அன்பளிப்பாக வந்திருந்த மூன்று மம்மிகளைப் பெரு நாட்டுக்குத் திருப்பித் தர 2022 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

என்ன செய்யலாம்?

உலக அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை, மனித எச்சங்களைக் காட்டும்போது மனித மாண்பைக் காக்க வேண்டும், அவர்கள் பிறந்த சமூகத்தின் நம்பிக்கையை மதிக்க வேண்டும், அச்சமூகம் திருப்பிக் கேட்டால் மரியாதையுடன் செவிசாய்க்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், செவ்விந்தியப் பழங்குடியினரின் முன்னோர் எச்சங்களை அவர்களிடமே ஒப்படைக்க வழி செய்கிறது. இவற்றையும் பாட்டியின் கேள்வியையும் சேர்த்து எண்ணியபோது எனக்குத் தோன்றியவை இவை:

1. தேவையின்றி எடுக்கலாகாது. இருக்குமிடத்திலேயே காக்க முடியுமானால் ஆதிச்சநல்லூரைப் போல் அங்கேயே காக்கலாம். அங்கே தாழி தன் இடுகாட்டை விட்டுப் போகவில்லை. நாம்தான் அதைத் தேடிச் செல்கிறோம். ஒருவர் வீட்டுக்கு நாம் போவதற்கும், அவரை நம் வீட்டுக்கு இழுத்து வருவதற்கும் வேற்றுமை உண்டு.

2. தாழியையும் மணியையும் கருவியையும் காட்டினாலே பாடம் விளங்குமானால், எலும்பைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. எலும்பு ஆய்வாளரின் பொறுப்பில், பாதுகாப்பாக இருக்கட்டும்.

3. காட்டியே ஆக வேண்டுமானால், தனி மண்டை ஓடாக அலமாரியில் அடுக்காமல், தனி இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், அவர் யார், எங்கே வாழ்ந்தார், எப்படி அடக்கம் செய்யப்பட்டார் என்ற செய்தியோடு வைக்க வேண்டும். பிரிட்டனில் சில அருங்காட்சியகங்கள் 'மம்மி' என்று சொல்வதை விட்டு, 'பதப்படுத்தப்பட்ட மனிதர்' என்ற பொருள்பட எழுதத் தொடங்கியிருக்கின்றன. நாமும் 'எலும்புக்கூடு எண் 4' என்று எழுதாமல், 'ஏறத்தாழ நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி' என்று எழுதலாமே.

4. அந்த ஊர் மக்களைக் கலந்து பேச வேண்டும். மூவாயிரம் ஆண்டு கடந்தபின் நேரான வாரிசைக் காட்ட யாராலும் முடியாது. ஆனால் அந்த மண்ணில் உழுது வாழ்பவர்களுக்குச் சொல்ல உரிமை உண்டு.

5. அங்கே சிரித்து நின்று கைப்பேசியில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். சாவு வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

முடிவுரை

இதையெல்லாம் ஏன் ஒரு பள்ளி மாணவி எண்ண வேண்டும் என்று கேட்கலாம். நம் பள்ளிகளிலிருந்து கல்விச் சுற்றுலாவாக எழும்பூருக்கும் கீழடிக்கும் செல்பவர்கள் மாணவியராகிய நாம்தான். நாளை தொல்லியல் படித்து அகழாய்வுக் குழியில் தூரிகையோடு உட்காரப் போகிறவர்களும் நம்மில் இருக்கலாம். அப்போது கையில் எடுக்கும் எலும்பு, ஒரு காலத்தில் தாயின் மடியில் கிடந்த பிள்ளையின் எலும்பு என்ற நினைவு இருந்தால், அறிவியலும் வளரும், அன்பும் குறையாது.

நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, சொந்தக்காரர் யாரும் வராத கல்லறைகளிலும் சிலர் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பதைப் பார்க்கிறோம். அங்கே படுத்திருப்பவர் யாரென்று ஏற்றுகிறவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்கும்போதும் அந்த மனம் நமக்கு இருக்குமானால், 'சொந்தக்காரங்க யாரும் இல்லையா?' என்ற கேள்விக்கு, 'நாங்கள் இருக்கிறோம்' என்று நாம் பதில் சொல்லலாம்.